வேப்பும் வேம்பும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணி பிக்கரிங் நகரிலிருந்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய வேப்பம்பூ வடகம்.

"தம்பி, உங்களுக்கெண்டுதான் பொரிச்சனான். வேம்புதானே உங்களைச் சிகரெட்டிலையிருந்து மீட்டது!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வேப்பங்குச்சியால் பல் விளக்கியே நாற்பது வருடமாகிறது.

பிறகுதான் பிடிபட்டது. 'இவர் வேப் பாவிச்சுத்தான் சிகரெட்டை விட்டவர்' என்று என் மனைவி போனில் பெருமையடித்திருக்கிறாள். வேப் என்றால் புகைக்குப் பதிலாக ஆவியை இழுக்கிற மின்சிகரெட். அண்ணனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மைக்கு வேம்பு, பூச்சிக்கு வேம்பு என்று வளர்ந்த அண்ணியின் காதில் 'வேப்' வேறு எப்படி விழும்?

சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன் — அண்ணி அடுத்ததைச் சொல்லும்வரைக்கும்.

"இப்ப தர்சியும் அதுதான் பாவிக்கிறாள். படிக்கேக்கை டென்ஷன் குறையுதாம். சித்தப்பாவும் பாவிக்கிறவர்தானே எண்டாள். வேம்பெண்டால் உடம்புக்கு நல்லதுதானே எண்டு நானும் விட்டிட்டன்."

தர்சி அண்ணியின் ஒரே மகள். பதினாறு வயது. அன்றைக்குத் தாயோடு அவளும் வந்திருந்தாள்.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். முப்பது வருடச் சிகரெட். விடுவதும் தொடங்குவதுமாக மானம் போன கதை. தோளில் ஒட்டுகிற பிளாஸ்டர், மெல்லுகிற கம் எல்லாம் தோற்றுப்போய், கடைசியில் மாம்பழ மணமுள்ள இந்தக் குழல்தான் கைகொடுத்தது. பதினொரு மாதமாக ஒரு சிகரெட் இல்லை. இதுவும் நஞ்சுதான், ஆனால் சின்ன நஞ்சு என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஏக்கம்... பஸ் தரிப்பில் யாராவது பற்றவைத்தால் கொஞ்சம் கிட்டப் போய் நிற்கிறேன். வெட்கத்தோடுதான்.

அண்ணியும் மனைவியும் தேநீர் போடக் குசினிக்குள் போனதும் தர்சியை வெளியே பின்பக்க டெக்குக்குக் கூட்டிப் போனேன்.

"உதை எங்கை பழகினனி?"

"ஸ்கூல் வொஷ்றூமிலை, சித்தப்பா." பிறகு மிச்சத்தையும் அவளே சொன்னாள். "வந்து ஒரு வருஷமா ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. என்ரை இங்கிலிஷைக் கேட்டுச் சிரிப்பினம். லஞ்ச் டைமிலை வொஷ்றூமுக்கைதான் நிப்பன். அங்கை ஒரு குறூப். உது கையிலை இருந்தால் ஹாய் சொல்லுவினம்."

"அம்மாட்டை என்ன சொன்னனி?"

"வேப் எண்டுதான் சொன்னனான். அவ வேம்பெண்டு நினைச்சா. நான் திருத்தேல்லை."

பேச வந்த உபதேசத்தைக் கைவிட்டேன். நான் மட்டும் எப்படிப் பழகினேனாம்? இங்கே வந்த முதல் குளிர்காலம். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலை. பிரேக் நேரம் பின்கதவடியில் நாலு பேர் வட்டமாக நின்று புகைப்பார்கள். அந்த வட்டத்துக்குள் போக எனக்கும் ஒரு சிகரெட் தேவைப்பட்டது. புகையிலா ஆசை? ஆட்களில்தான்.

"கடையிலை பத்தொன்பது வயசெல்லோ கேக்கிறவை. ஆர் வாங்கித் தந்தது?"

தர்சி நிலத்தைப் பார்த்தாள்.

"முதல் ஒண்டு... உங்கடை மேசை லாச்சியிலை எடுத்தனான்."

என் தாடி முழுக்க நரை. அதைப் பார்த்த பிறகும் கடைக்காரர் என்னிடம் ஐடி கேட்பார். என் லாச்சி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை!

வேப்பில் வருகிற பழ மணங்களை அடியோடு தடை செய்யுங்கள் என்கிறார்கள் சிலர். தர்சியை நினைத்தால் நானும் ஓம் என்பேன். ஆனால் செய்துவிட்டால் நான் திரும்பவும் சிகரெட்டுக்குப் போய்விடுவேனோ என்று பயம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சட்டம் எழுத எனக்குத் தெரியாது. லாச்சிக்கு ஒரு பூட்டு வாங்கத் தெரியும். வாங்கிவிட்டேன்.

அண்ணியிடமும் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன், தர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"அண்ணி, உது வேம்பில்லை. சிகரெட்டுக்குத் தம்பி முறை."

அண்ணி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. வடகத் தட்டை மேசையில் வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமாக் கதைக்க ஆளில்லையோ, பிள்ளை?"

அதற்குத்தான் தர்சி அழுதாள்.

பிறகு நானும் அவளும் ஒரு ஒப்பந்தம் செய்தோம். லஞ்ச் நேரம் வொஷ்றூமுக்குள் நிற்காமல் எனக்குப் போன் எடுக்க வேண்டும். கதைக்கிற பதினைந்து நிமிடமும் நானும் வேப்பைத் தொடக் கூடாது. திங்களிலிருந்து எடுத்தாள். சாண்ட்விச், மழை, கணக்கு ரீச்சரின் தும்மல்... எதையாவது கதைத்தோம். என் கை சும்மா கிடந்து தவித்தது. அவளுடையதும் தவித்திருக்கும்.

நேற்றுப் போன் வரவில்லை.

நானே எடுத்துக் கேட்கலாமா? இரண்டு தரம் போனைத் தூக்கினேன், இரண்டு தரமும் வைத்துவிட்டேன்.

யாரோ ஒரு பிள்ளை அவளோடு கதைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் — கடவுளே, கையில் ஒன்றும் இல்லாமல்.