உளுந்து காயும் ரோட்டில் இரண்டு கார்கள்

போன பங்குனியில் தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைக்கு இரண்டு காரில் போனோம். ஆளும் இரண்டே பேர்தான். முன்னால் பழைய அம்பாசிடரில் நான், பின்னால் புது காரில் என் மனைவி கலா. பைத்தியக்காரத்தனம் இல்லை, காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். முத்துப்பேட்டையில் ஒருவர், "ரெண்டையும் கொண்டாங்க, ஒண்ண எடுத்துக்கறேன்" என்றார். எதை விடுவதென்று வழியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாகப் பேச்சு.

உள்ளுக்குள் நான் முன்பே முடிவு செய்துவிட்டேன். புதுசுதான் போகும். சாக்கு மூட்டை சுமந்து மேலே வந்தவன் நான், சொந்தக் காசில் வாங்கிய முதல் வண்டியை விட மனசு வருமா? ஆனால் அம்பாசிடரின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கலாவுக்குத் தோள் வலிக்கும். புதுசு போனால் அவள் கார் ஓட்டுவதும் அதோடு போச்சு. அது அவளுக்கும் தெரியும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம். ஒரத்தநாட்டில் டீக்கு இறங்கியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் ஏசியில் பூ வாடாமல் இறங்கினாள்.

"உங்க வண்டி வர்றது அடுத்த ஊருக்கே கேக்குதுங்க."

"வண்டின்னா சத்தம் வேணும்டி. உன்னுது பூனை மாதிரி வருது."

பட்டுக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்தை இந்தப் பக்கம் இப்படித்தான் காயப்போடுவார்கள். போகிற வண்டி ஏறினால் காய் உடைந்து மணி உதிரும். கையில் கம்போடு நின்ற அம்மா, "ஏறிப் போங்கய்யா, நல்ல கனமான வண்டி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நொறுநொறுவென்று ஏறினேன். பின்னால் ஒரே தூசி.

அடுத்த நொடி டயர் கிறீச்சிட்டது. இறங்கி ஓடினேன்.

வண்டி போனதும் செடியைப் புரட்டிவிட அந்த அம்மா நடுரோட்டுக்கு வந்திருக்கிறார். அவருக்கு ஒரு முழம் தள்ளி புது கார் நின்றிருந்தது. கலா கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் பிரேக்கே போடலைங்க. தூசியில ஒண்ணும் தெரியல. அதுவா நின்னுடுச்சு."

வண்டிக்குள் ரேடார் இருக்கிறது, ஆபத்தென்றால் தானே நிற்கும் என்று விற்றவர் சொன்னபோது, காசு பிடுங்கும் வித்தை என்று நினைத்தவன் நான். இப்போது சன்னதியில் நிற்பதுபோல் அந்த பம்பர் முன்னால் நின்றேன்.

அந்த அம்மா பக்கத்தில் வந்தார். "உங்க வண்டி போட்ட சத்தத்துல பின்னாடி ஒண்ணு வர்றதே கேக்கல. ஒத்த வண்டின்னுல்ல நெனச்சேன்!" பிறகு கலாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "பயப்படாதம்மா. எம் புருசன் எதிர்ல நின்னாக்கூட என்னப் பாக்க மாட்டான். இது தூசியில பாத்துடுச்சே!" என்று சிரித்தார்.

முத்துப்பேட்டைக்காரர் அம்பாசிடரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "பிரேக் எப்படிங்க?"

"நல்லா பிடிக்கும். நம்ம கண்ணுல பட்டதுக்கு மட்டும்" என்றேன். சாவியைக் கொடுத்தேன்.

பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உளுந்தில் தாராளமாக ஏறுங்கள், சந்தோஷப்படுவார்கள். இருபதுக்கு மேல் போகாதீர்கள். இரண்டு வண்டியாக வந்தால், தூசி அடங்கும்வரை பின்வண்டி நிற்கட்டும். ஓசையில்லாத வண்டி என்றால் ஹாரன் அடியுங்கள். தானாக நிற்கும் என்று நம்பி மட்டும் ஓட்டாதீர்கள்.

திரும்பும்போது அதே இடத்துக்கு வெகு முன்னாலேயே கலா ஹாரன் அடித்தாள். அந்த அம்மா ஓரம் ஒதுங்கி, "ஏறும்மா, ஏறு!" என்று கம்பை வீசினார். கலா ஏறினாள். பக்கத்து சீட்டில் இருந்த நான், அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தேன்.