கதவுதட்டி

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கட்டட விண்ணப்பங்களைப் பார்க்கும் அவருக்கு 'கதவுதட்டி' என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். குடியிருப்புப் பகுதியில் யாராவது வணிகக் கட்டடம் கட்ட விண்ணப்பித்தால், அக்கம்பக்கத்தாருக்குத் தபாலில் அறிவிப்பு போகும். முப்பது நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் கோப்பு அனுமதிக் குழுவுக்கு நகரும். அவ்வளவுதான் விதி. இந்த மனிதரோ அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். "கடிதம் வந்துச்சுங்களா? படிச்சீங்களா? புரிஞ்சுதா?" உறையைப் பிரிக்காமல் அதன்மேல் கடைச் சாமான் பட்டியல் எழுதி வைத்தவர்களையெல்லாம் பார்த்தவர். இருபத்தாறு வருஷத்தில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பதவி உயர்வு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் வாய் திறந்து பேச மாட்டார். சொந்தக்காரர் பெயர் தட்டுப்படும் கோப்பைத் தொடவே மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் என்றே சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவருடைய அக்கா வீட்டை ஒட்டிய காலிமனையில் நான்கு மாடி வணிக வளாகம் கட்ட விண்ணப்பம் வந்தது. அக்கா தையல்காரி. புருஷன் இறந்த பிறகு, மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் மிஷின் மிதித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். வரைபடத்தில் அந்த ஜன்னலுக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஆறடிதான். அதை இரண்டு தரம் அளந்து பார்த்தார். ஆனாலும் அன்றைக்கே 'பக்கத்துச் சொத்து என் உறவினருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பை அடுத்த மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அக்காவிடம் மூச்சுவிடவில்லை. கடிதம்தான் போகுமே, படித்துவிட்டு அவளே ஆட்சேபணை எழுதிக் கொடுப்பாள் என்று நம்பினார்.

அடுத்த மேஜைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற ரகமில்லை. தப்பும் செய்யவில்லை. கடிதம் சொத்துப் பதிவேட்டில் இருந்த பெயருக்குப் போனது. அது அக்கா புருஷனின் பெயர். அவர் பெயருக்கு வரும் கடிதம் எதையும் அக்கா பிரிப்பதில்லை; அலமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்படியே அடுக்கி வைப்பாள். முப்பது நாள் ஓடிப்போயிற்று. குழு அனுமதி கொடுத்தது.

அஸ்திவாரக் குழி தோண்ட ஆரம்பித்த அன்று அக்கா கூப்பிட்டனுப்பினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும்க்கா. நான் சொல்லக் கூடாது. அதான் கோப்பையே வேற ஆளுக்குக் கைமாத்திட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம்டா. அந்த ஆளையாவது வந்து என் கதவைத் தட்டச் சொல்லியிருக்கலாமே? அதுக்கும் சட்டம் இடம் கொடுக்கலையா?"

சட்டம் அதைத் தடுக்கவில்லை. அவருக்குத்தான் தோன்றவில்லை. தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டார்.

அக்கா அலமாரியைத் திறந்து, பிரிக்காத உறையை எடுத்து நீட்டினாள். "என்னதான் எழுதியிருக்குன்னு படி."

அவர் உறையைக் கிழித்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடித்ததும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுதுடா. மிஷினை அந்தப் பக்கம் பிடி."

இருவருமாக அதை மேற்கு ஜன்னலடியிலிருந்து தூக்கி விளக்குக்குக் கீழே வைத்தார்கள்.