அண்ணனின் வெள்ளைக் காற்சட்டை

எனக்கு ஒழுங்காக எழுத வராது, பலதும் மறந்து போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேரனின் காற்சட்டையைத் தோய்க்கும்போது, கிரிக்கெட் பந்தைத் தேய்த்த சிவப்புக் கறை சவர்க்கார நுரையில் இறங்கியது. பேசாலையில் எங்கள் கிணற்றடி நினைவுக்கு வந்தது.

என் அண்ணன் இடக்கையால் பந்து போடுகிறவர். ஆள் குறைந்த ஊர்க்காரர் கூப்பிடுவார்கள். தங்கள் ஆள் வந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஒரு வருஷம் சிலாவத்துறை, அடுத்த வருஷம் இலுப்பைக்கடவை.

"தண்ணி தூக்கவோ உன்னைக் கூட்டிக்கொண்டு போறாங்கள்? இந்த முறையும் பந்து தராட்டி வள்ளத்தில ஏறு" என்றார் அப்பா, ஒருநாள் காலை அண்ணன் விளையாடப் புறப்படும்போது.

அன்று பின்னேரம் அண்ணன் வந்து, "பத்து ஓவர் போட்டனான் அப்பா" என்றார். தோய்க்க எடுத்த காற்சட்டையில் ஒரு கறையும் இல்லை. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"கெதியாத் தோய், பிள்ளை" என்று தாழ்ந்த குரலில் அவசரப்படுத்தினார்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால், அழுக்கில்லாத துணியை நெடுநேரம் கசக்கினேன். பிறகு எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. அப்பா சொன்னபடி மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறினார். இப்போது அவரும் இல்லை.

பெண்பிள்ளை என்று என்னை மைதானத்துக்கு விட்டதில்லை. அவர் பந்து போட்டதைப் பார்த்தவர்கள் யாரும் இருந்தால், நல்லாய்ப் போட்டவரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.