மின்கம்பிக்குக் கீழே மரம் வைக்கத் தெரிந்தவர்

ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தோட்டக்கலை வகுப்பு நடக்கும் மண்டபத்தில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவதற்காகத் தரையில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தேன். வெளியே சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. கைபேசி அடித்தது. சாலமோன் அண்ணாச்சியின் மனைவி எமிலி அக்கா.

"உங்க அண்ணாச்சி எந்திரிக்கல தாயி."

அயர்ந்து தூங்குகிறார் போல என்றுதான் முதலில் நினைத்தேன். "எழுப்பிப் பாருங்கக்கா" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"டீ போட்டு வச்சிட்டு எழுப்புனேன். மூணு தடவை எழுப்புனேன். எந்திரிக்கல" என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை. ஏதோ புரியாத ஒன்றை எனக்கு விளக்கிச் சொல்வது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

சாலமோன் அண்ணாச்சி ராஜபாளையத்துக்காரர். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஊர்களிலும் தெருவோரம் மரம் நடுவதையும், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குத் தோட்டக்கலை வகுப்பு நடத்துவதையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒன்பது ஆண்டுகள் அவர் என்னோடு அந்த வேலையைச் செய்தார். இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அன்றைக்கு ஒட்டுக் கட்ட வேண்டிய குச்சிகளை முந்தின நாள் சாயங்காலம் சேத்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் அவர்தான் வெட்டினார். நல்ல சப்பட்டை ரக மாமரம். குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி, தளவாய்புரத்தில் மாரியம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நைட்டி தைக்கும் மாரியம்மாள் எங்கள் வகுப்புக்கு மூன்று ஆண்டுகளாக வருபவர். நான் கைபேசியைக் கீழே வைத்தபோது அவர் அந்தச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். வகுப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் ராஜபாளையம் புறப்படலாம் என்றேன். மாரியம்மாள்தான் பேசினார்.

"குச்சி மத்தியானம் தாண்டுனா வாடிரும் மேடம். அவிய கையால வெட்டுனது. கட்டி முடிச்சிட்டுப் போவோம்."

கட்டினோம். கத்தி தோலைச் சீவும் சத்தமும், பிளாஸ்டிக் நாடாவை இழுத்துச் சுற்றும் சத்தமும் தவிர மண்டபத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய சன்னல் வழியாகச் சாரல் வெளிச்சம் வந்து எல்லார் முதுகிலும் விழுந்திருந்தது. பாதித் தூக்கத்தில் நடப்பது போல அந்த இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு பேருந்து ஏறினோம். அவரைப் பார்க்கப் போனபோது எங்கள் விரல்களில் மாம்பால் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அன்று கட்டியதில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன. மற்றவை பட்டுப்போயின. அப்படித்தான் ஆகும் என்று அவர் எப்போதும் சொல்வார்.

அவரை முதலில் சந்தித்தது சண்டையில். ராஜபாளையத்தில் ஒரு தெருவில் வேப்பங்கன்றுகளை நட்டு, கூண்டு வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி இத வச்சது?"

"நாங்கதான். ஏன்?"

"அஞ்சு வருசம் கழிச்சு எங்க ஆளுக வந்து இதுக தலைய வெட்டிட்டுப் போவாங்க. நீங்க எங்க ஆளுகளத் திட்டுவீக. மேல பாக்காம குழி தோண்டிட்டீகளே."

எனக்குக் கோபம். மரம் நடுகிறவளிடம் மரம் வெட்டுகிறவர் வந்து பாடம் சொல்கிறாரே என்று ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் அதே இடத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் பதினாறு தெருக்களின் கம்பங்களையும், கம்பி எந்தப் பக்கமாக, எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதையும் பென்சிலால் வரைந்திருந்தார். கம்பி போகாத பக்கத்தில் வேம்பு, புங்கம், மகிழம். கம்பிக்குக் கீழே குட்டையாக நின்றுவிடும் மந்தாரை, பவளமல்லி, தங்கஅரளி. நட்டதை எல்லாம் பிடுங்கி எதிர்ப்பக்கத்தில் நட்டோம். அன்று தோண்டிய குழிகளில் பாதி அவர் தோண்டியவை.

வகுப்பு தொடங்கிய காலத்தில் காலை பத்து மணிக்கு வைத்தேன். நான்கு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவர். அண்ணாச்சிதான் கேட்டார்: "பத்து மணிக்கு ஊருல யாரு தங்கச்சி சும்மா இருக்கா? மில்லு ஷிப்ட் விட்ட பொறவு வைங்க." மாலை ஐந்துக்கு மாற்றினோம். பஞ்சு ஒட்டிய தலையோடு ஆலைக்காரர்கள் வந்தார்கள். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார்கள் சிலர். சனிக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை வகுப்பு. கொப்பு வெட்டிச் சீராக்கும் கவாத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அவரை முன்னால் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சது வெட்டு ஒண்ணுதான். எப்படி வெட்டக் கூடாதுன்னு சொல்லித் தாரேன்."

அந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய பாடத்திட்டம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இதில் வரும் அம்மாவிடம் போன வாரம் போய்க் கேட்டேன். "எழுதிக்கோங்க. பேரு வேண்டாம்" என்றார்.

அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், ராஜபாளையத்தில் ஒரு சிறிய தெருவில் புதிதாகக் கம்பி இழுத்தார்கள். ஒரு வீட்டு வாசலில் பெரிய மரமல்லி. நாலு கொப்பை எடுத்தால் போதும். ஆனால் அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடியோடு அறுத்தார்கள். மேலே ஏறி முதல் கொப்பை வெட்டியவர் அண்ணாச்சி. அந்த வீட்டில் ஒரு மனிதர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். கட்டிலைச் சன்னலோரம் போட்டு, நாள் முழுக்க அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். அவருடைய மனைவி வெளியே வந்து, "ஒரு கொப்பை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்" என்று கேட்டிருக்கிறார். "ஆர்டரும்மா" என்று அண்ணாச்சி மேலேயிருந்து சொல்லியிருக்கிறார். அந்தக் கோடை முழுவதும் அந்த மனிதரின் முகத்தில் வெயில் விழுந்தது. சன்னலில் பழைய சேலை ஒன்றைக் கட்டினார்கள். அடுத்த கோடைக்கு அவர் இல்லை.

ஓய்வு பெற்ற ஆண்டிலிருந்து, மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் அண்ணாச்சி அந்த வீட்டுக்குப் போய், "வாசல்ல ஒரு கன்னு வச்சுத் தரட்டுமாம்மா?" என்று கேட்டுவந்தார். அந்த அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "வத்து, வேண்டாம். வெயிலுக்குப் பழகிட்டோம்" என்பார். கதவைச் சாத்த மாட்டார். தண்ணீர்கூடக் கொடுப்பார். ஆனால் வேண்டாம்தான்.

நாலாவது ஆண்டில் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாச்சிக்குத் தெரியாமல் நானே போனேன். அவர் எவ்வளவு வருந்துகிறார், இப்போது எத்தனை தெருக்களில் மரம் வைத்திருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அவர் மனசு ஆறுறதுக்கு என் வாசலாம்மா வேணும்?"

நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் அண்ணாச்சியிடம் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அவிய சொல்றது சரிதானே தங்கச்சி. எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்.

அதன் பிறகு அவர் அந்த வாசலுக்குப் போகவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போவார். அந்த ஆண்டு அவரிடம் ஏதோ ஒன்று ஓய்ந்துபோயிற்று. வகுப்பில் கத்தரியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு புரட்டாசி மாலை, ராஜபாளையம் வகுப்பில், பின்வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஆறு வாரம் அந்த அம்மா வந்தார். மண் கலப்பது, குழியை ஆறப்போடுவது, கன்றுக்கு முட்டுக்கொடுப்பது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அண்ணாச்சியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது வாரம் கையைத் தூக்கினார்.

"கம்பிக்குக் கீழ எதை வச்சா யாரும் வந்து வெட்ட மாட்டாங்க?"

வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது எல்லாரும் கேட்கும் கேள்விதான். நான் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நின்று பதில் சொன்னதை நான் பார்த்ததில்லை.

"பவளமல்லி வைக்கலாம்மா. பன்னெண்டு அடிதான் போகும். கம்பி அதுக்கு எட்டாது."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் இடையில் அந்த வகுப்பில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அன்று கன்று வாங்கிக்கொண்டு போனார். குழி தோண்ட ஆள் அனுப்பவா என்று கேட்டேன். "நானே தோண்டிக்கிறேன்" என்றார்.

அதற்கடுத்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டு, ஐப்பசியில் ஒரு காலை, அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். முகம் ஏதோ கனவிலிருந்து எழுந்து வந்தவர் முகம் போல இருந்தது.

"அந்தத் தெரு வழியா வந்தேன் தங்கச்சி."

"நின்னீங்களா அண்ணாச்சி?"

"நிக்கல. நிக்கக் கூடாதுல்ல, அது அவிய மரம். ஆனா தெருவுல பாதி வரைக்கும் பூ உதிர்ந்து கெடந்துச்சு. சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிட்டு வந்தேன். டயர் ஏறிடக் கூடாதுல்ல."

அன்று வகுப்பில் கத்தரியை அவரே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக அவரோடு நான் கழித்தது இந்த ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்மாய்க் கரைக்கு வகுப்பைக் கூட்டிப்போயிருந்தோம். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மலை நீலமாகி, நீலம் கரைந்து, எது மலை எது மேகம் என்று தெரியாமல் ஆகிற நேரம். மரங்களின் சத்தத்தைக் கேட்க எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார் அண்ணாச்சி. ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாம் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீக. கம்பத்து மேல கண்ணு கம்பியில இருக்கும், கையி ஸ்பேனர்ல இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அப்படிக் கேட்டுப் பழகுனது. அரச மரம் இருக்கே, மழையே வராது, ஆனா மழை பெய்யுத மாதிரியே சலசலக்கும். புளிய மரம் பெருமூச்சு விடும். பனை, காஞ்ச தாளைக் கசக்குத மாதிரி."

"எம்புட்டு மரம் அண்ணாச்சி உங்களுக்குத் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எண்ணுனதில்ல. கேட்டா தெரியும்."

கண்ணை மூடியபடி ஒருவர் பின் ஒருவராக அமைதியானோம். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது கண்மாய்த் தண்ணீரில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அண்ணாச்சி மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, லேசாக வாய் திறந்து நின்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை பல. ஆனால் என்னோடு தங்கியிருப்பது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: ஒரு மரத்தின் கீழே எதுவும் செய்யாமல், எதுவும் கேட்காமல், நிற்பது. நேற்று வகுப்பு முடிந்ததும் தனியாகக் கண்மாய்க் கரைக்குப் போய்க் கண்ணை மூடினேன். அரச மரம். புளிய மரம். மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது. எந்த மரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.