ஆதாம் முதலா, ஆடுமாடு முதலா

எங்கள் சபை மண்டபத்தில் ஞாயிறு பாடசாலை நடக்கும்போது இரண்டு வகுப்புகளுக்கும் இடையில் ஒரு பழைய திரைச்சீலை மட்டுமே தொங்கும். இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னம்மா படிப்பிப்பார். அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளுக்கு, நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் இளம் வாத்தியார் படிப்பிப்பார். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று எங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருந்தார். சேர் நாவிதன்வெளியில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கல்முனையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் சின்னம்மாவாக இருப்பவர் வகுப்பில் மட்டும் எனக்கு மிஸ்.

அன்றைக்குச் சின்னம்மா உலகம் படைக்கப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கயிற்றைக் கட்டி, படைப்பின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படமாகக் கொழுவிக்கொண்டு வந்தார். வெளிச்சம் வந்தது, வானம் வந்தது, மரஞ்செடிகள் வந்தன, சூரியனும் சந்திரனும் வந்தன. அடுத்ததாக மீன் படத்தைக் கையில் எடுத்தார். எனக்கோ காது திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே சேர் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கடவுள் மண்ணை எடுத்து மனிதனைச் செய்தார் என்றார். அப்போது பூமியில் ஒரு செடிகூட முளைத்திருக்கவில்லை, பிறகுதான் தோட்டம், அதற்குப் பிறகுதான் மிருகங்கள் என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"மிஸ்! அங்க ஆதாம் வந்திட்டார். இஞ்ச இன்னும் மீனே வரல்ல!"

இரண்டு வகுப்பும் சிரித்தது. திரை விலகி, சேரின் தலை மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

"முதலாம் அதிகாரம் உங்கட, ரெண்டாம் அதிகாரம் எங்கட மிஸ். ரெண்டும் வேற வேற கதைதானே" என்றார்.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார் சின்னம்மா.

"ஒண்டெண்டா வரிசை ஏன் மாறுது?"

சின்னம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது.

புலமைப்பரிசில் பரீட்சைக்காக நான் வாரத்தில் இரண்டு பின்னேரம் சேரிடம் கணக்குப் படிக்கப் போவேன். அந்தக் கிழமையே அவர் ஒரு கொப்பியைத் தந்து, "மிஸ்ட்ட குடுங்க" என்றார். மட்டையில் "ஞாயிறு பாடசாலை - பாடக்குறிப்பு" என்று அழகாக எழுதியிருந்தது. சின்னம்மாவிடம் கைபேசி இருந்தது. ஆனால் அதை அம்மாவும் எடுத்துப் பார்ப்பார், அப்பாவும் எடுத்துப் பார்ப்பார். பாடக்குறிப்பை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தை நான் அப்போது யோசிக்கவில்லை.

நான் மட்டும் பார்த்தேன். வருகிற வழியில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் பேக்கரி இருந்தது. அதன் வாசலில் நின்று கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். சேர் கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருந்தார். முதலாம் அதிகாரத்தில் தொடக்கத்தில் எங்கும் தண்ணீர், இரண்டாவதில் மழையே பெய்யாத காய்ந்த நிலம். முதலாவதில் கடவுள் சொல்ல எல்லாம் உண்டாகிறது, இரண்டாவதில் கையால் மண் பிசைகிறார். முதலாவதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வருகிறார்கள், இரண்டாவதில் அவன் நித்திரையாகக் கிடக்கும்போது அவள் வருகிறாள். "விதைக்க முதல் அறுக்கேலாது மிஸ், வரிசை முக்கியம்" என்று அடியில் எழுதியிருந்தார்.

சின்னம்மா அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும், இறங்கி ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டு மனிசர் தெரிவார்கள், ஊர் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். அதற்குச் சேர் ஆறு பக்கம் எழுதினார். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே ஆள்தான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார்.

எனக்கு இது பெரிய யுத்தமாகத் தெரிந்தது. சின்னம்மா வெல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபித்தேன். சில பக்கங்களை வாசிக்கும்போது சின்னம்மா தனியாகச் சிரிப்பார். எதிரியின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பல கிழமையாக யுத்தம் ஒரே இடத்தில் இறுகி நின்றது. ஆதாம் முதலா, ஆடுமாடு முதலா? கடவுள் மிருகங்களை மண்ணால் உருவாக்கி மனிதனிடம் கொண்டுவந்தார் என்று இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. மனிதன் இருக்கிறான், பிறகு மிருகம் வருகிறது, எனவே மனிதன்தான் முதல் என்பது சேரின் கட்சி. சின்னம்மா அதைச் சுற்றிச் சுற்றி எழுதினாரே தவிர உடைக்க முடியவில்லை.

அதை உடைத்தது பக்கத்து வீட்டு மாமியின் வட்டிலப்பம்.

அன்றைக்கு முஸ்லிம் ஆட்களின் நோன்புப் பெருநாள். மட்டக்களப்பிலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, பஸ்ஸில் வந்து இறங்கி, கால் கழுவி, அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். வேலிப் படலையைத் திறந்துகொண்டு மாமி வட்டிலப்பத்தோடு வந்தார். அம்மா மாமாவிடம் சொன்னார்: "பாருங்க அண்ணன், மாமி வட்டிலப்பம் செய்து கொண்டு வந்திருக்கா."

நான் நின்ற இடத்தில் துள்ளினேன். மாமி அந்த வட்டிலப்பத்தை அவித்தது முதல்நாள் பின்னேரம். முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் அடித்துக் கலக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமா வந்த பிறகா மாமி செய்தார்? செய்தது நேற்று, கொண்டுவந்தது இன்று. ஆனால் அம்மா இரண்டையும் சேர்த்து "செய்து கொண்டு வந்திருக்கா" என்றுதானே சொன்னார்! அப்படியென்றால் கடவுளும் மிருகங்களை முன்னமே உருவாக்கி வைத்துவிட்டுப் பிறகு கொண்டுவந்திருக்கலாம்!

சின்னம்மாவிடம் சொல்லாமல் கொப்பியை எடுத்து, வட்டிலப்பக் கதையை முழுப் பக்கத்துக்கு எழுதினேன். கீழே "ஆகவே ரெண்டும் ஒண்டுதான். முடிந்தது" என்று எழுதி இரண்டு கோடும் போட்டேன். அடுத்த கணக்கு வகுப்பில் சேரிடம் நீட்டினேன்.

சேர் வாசித்தார். முதலில் சிரித்தார். கீழே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நினைத்திருந்தால் மரஞ்செடிகளைப் பற்றிக் கேட்டு என் வட்டிலப்பத்தை அந்த இடத்திலேயே கவிழ்த்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அவர் கேட்கவில்லை. பேனையை எடுத்து ஒரு வரி எழுதினார்: "சரி மிஸ், ஒத்துப்போகிறது. இனித் தொந்தரவு தரமாட்டேன்."

பேக்கரியில்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன். "சின்னம்மா, நாங்க வெண்டிட்டம்!"

சின்னம்மா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு என் பக்கத்தை வாசித்தார்.

"உன்ன ஆர் எழுதச் சொன்ன?" என்று கேட்டு நன்றாக ஏசினார். ஏசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னப் பிள்ளை வென்று கொடுத்ததில் வந்த வெட்கம் என்று நினைத்தேன்.

மூன்று ஞாயிறு கொப்பி வீட்டிலேயே கிடந்தது; விடுமுறை என்று கணக்கு வகுப்பும் இல்லை. வகுப்பு முடிந்த கையோடு சேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஊர்ப்பக்கப் பாடசாலைக்கு மாற்றம் கேட்டிருக்கிறாராம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கதைத்தார்கள். வீட்டில் சின்னம்மா தேத்தண்ணிக்கு உப்புப் போட்டார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

ஒரு நாள் மாமி என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டார்.

"நோன்பு எங்களுக்கு முடிஞ்சிட்டு மகள். ஒன்ட சின்னம்மாக்கு இப்பதான் தொடங்கின மாதிரி இரிக்கி. என்ன நடந்த?"

யுத்தத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து பெருமையாகச் சொன்னேன். வட்டிலப்பம் வந்த இடத்தில் மாமி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாவே, என்ட வட்டிலப்பமா இவ்வளவும் செஞ்ச? ஏன் மகள், ஒன்ட சின்னம்மா வெல்லவா அந்தக் கொப்பி எழுதின?"

"பின்ன என்னத்துக்கு மாமி?"

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கட வேதத்துல வேற கேள்வி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார்.

யோசித்தேன். படக் கயிறு ஞாபகம் வந்தது. "வெளிச்சம் முதல் நாள் வந்திட்டு மாமி. சூரியன் நாலாம் நாள்தான் வந்த."

"அது போதும். கொண்டு போய் சேர்ட்ட கேளு. வட்டிலப்பக் கதைய நீயாத்தான் எழுதினெண்டும் சொல்லு. அத மறந்திராத. மறுகா, இந்தமுற நீ ஒண்டையும் தீர்த்து வெச்சிராத!"

அடுத்த ஞாயிறு கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய், சேர் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது ஓடிப்போய் மறித்தேன். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப அத எழுதச் சொன்னது மிஸ் இல்லையா?"

"இல்ல சேர். அவக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்ச பிறகு எனக்கு ஏச்சு."

"ஏசினாவா?" என்றார். ஒருவருக்கு ஏச்சு விழுந்ததைக் கேட்டு இன்னொருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. "நல்லா ஏசினாவா?"

"நல்லா ஏசினா சேர்."

சேர் இறங்கி, மோட்டார் சைக்கிளின் இருக்கையில் கொப்பியை வைத்து, வெயிலில் நின்றபடியே இரண்டு பக்கம் எழுதினார். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளும் பொழுது எப்படி விடிந்தது? எதை வைத்து நாள் எண்ணினார்கள்? அன்றைக்குச் சின்னம்மா போட்ட தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. ஒரு கொப்பி மூன்று கொப்பியானது. மாற்றம் கேட்ட கதையைப் பிறகு யாரும் கதைக்கவில்லை. எனக்கு மட்டும் கவலை. நான் முடித்து வைத்த சண்டை முன்னையைவிட மோசமாகப் பற்றிக்கொண்டதே!

அந்த வருடக் கடைசியில் ஒரு பின்னேரம் சேரின் அம்மாவும் பெரியப்பாவும் நாவிதன்வெளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் தட்டம், தட்டத்தில் பழமும் இனிப்புத் தொதலும். அப்பாவும் மாமாவும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமியும் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். சண்டை பெரியவர்கள் வந்து பேசித் தீர்க்கிற அளவுக்கு முற்றிவிட்டது என்று எனக்கு விளங்கியது. சின்னம்மாவைக் காணவில்லை. பயந்து குசினிக்குள் நிற்கிறார், பாவம்.

நான் அறைக்குள் ஓடி, அவருடைய தலையணைக்குக் கீழே இருந்த மூன்று கொப்பிகளையும் எடுத்து வந்து சேரின் அம்மாவின் மடியில் வைத்தேன்.

"சின்னம்மாவில ஒரு பிழையும் இல்ல. முதல் தொடங்கினது சேர்தான். எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றேன். உண்மையில் தொடங்கியது நான்தான். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சேரின் அம்மா ஒவ்வொரு கொப்பியாகப் புரட்டினார். பெரியப்பா எட்டி ஒன்றை எடுக்கப் பார்க்க, அவருடைய கையைத் தட்டிவிட்டார்.

"இவ்வளவும் சண்டையா மகள்?"

"ஓம். ஒரு பக்கமும் மிச்சமில்ல."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. தட்டத்திலிருந்து பெரிய துண்டாக ஒரு தொதலை எடுத்து என் வாயில் வைத்தார்.

"நல்ல சண்டை. விடாம பிடிக்கட்டும்" என்றார்.

சின்னம்மாவின் நியாயத்தை நிலைநாட்டிவிட்ட பெருமையோடு தொதலை மென்றேன். சண்டைக்காரரின் வீட்டுக்குத் தேடி வந்து இனிப்புக் கொடுக்கிற நல்ல சனங்கள் நாவிதன்வெளியில் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு விளங்கியது.