வேடியம்மாள் எடுத்த அளவு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜமுனாமரத்தூரிலிருந்து வேடியம்மாளின் தம்பி பேசினார். "அக்கா போய்ட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, போளூர் எறங்கறதுக்குள்ள..."

மதியம் எங்கள் பழைய பேராசிரியர் அழைத்தார். நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டுமாம். "அந்தத் தைமின் அளவு முழுக்க அவங்க எடுத்ததுதான்னு ஒரு வரி மறக்காம சேர்த்துடுங்க" என்றார். பெருந்தன்மையைப் பாருங்கள்! எழுதுகிறேன் ஐயா.

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடும்பத்திலிருந்து எங்கள் லேசர் ஆய்வகத்துக்கு வந்தவர் வேடியம்மாள். மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின். அதன் மேல் புறஊதா ஒளி பட்டால் என்ன ஆகிறது என்பதே அவருடைய ஆய்வு. "நொடிய லட்சம் கோடியா பிச்சா ஒரு துண்டு வருதில்ல, அதுக்குள்ள சூட்ட ஒதறிடுதுங்க. அதனாலதான் நாம வெயில்ல நிக்கிறோம். ஒதற முடியாம மாட்டிக்கிற ஒண்ணு ரெண்டுதான் கெடுதல் பண்ணுது. அது இன்னான்னு பாக்கணும்" என்பார்.

தினமும் முதலில் வெறும் தண்ணீரை வைத்து அளப்பார். பிறகுதான் தைமின் கரைசல். தண்ணீரும் கண்ணாடிக் குப்பியும் தாமாகவே, கணினி வரையும் கோட்டில் சட்டென்று எழுந்து விழும் ஒரு கூர்முனையைக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். கணினிக் கோப்புகளுக்கு எண் மட்டும் இடுவார். எந்த எண் தண்ணீர், எந்த எண் தைமின் என்பது அவருடைய நோட்டில் இருக்கும்.

பேராசிரியர் அவரைக் கேட்காமலே, இருப்பதில் அழகான கோட்டைக் கணினியிலிருந்து எடுத்து, தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரை வெளியிட்டார். தைமினில் யாரும் கண்டிராத வேகம் என்று அவருக்கு மாலைகள் விழுந்தன. வேடியம்மாள் நோட்டோடு போய் நின்றார்.

"ஐயா, அது வெறும் தண்ணிங்க."

"மலையிலேர்ந்து வந்து எனக்கு லேசர் சொல்லித் தர்றீங்களா?"

மறுநாள் ஆய்வகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டம் பெறாமலே மலையேறிய வேடியம்மாள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். என் ஆய்வேட்டுக்குப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டியிருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். வெட்கங்கெட்டவன் நான்.

கிளம்பும்போது நோட்டை என்னிடம் கொடுத்தார். "பட்டம் போனா போவுதுங்க. அந்தத் தப்பு என் தலையில வுழாம பாத்துக்கோங்க."

இப்போது மற்ற ஆய்வகங்கள் அந்த வேகத்தைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் கேள்வி கேட்கின்றன. அதற்காகத்தான் பேராசிரியருக்கு அந்த ஒரு வரி வேண்டியிருக்கிறது. செத்தவர் திருப்பிப் பேச மாட்டார் என்ற தைரியம்!

நான் பேசுவேன். நோட்டின் பக்கங்களைக் கோப்பு எண்ணோடு, கட்டுரை வந்த ஆய்விதழுக்கு நேற்று அனுப்பிவிட்டேன். ஐயா, உங்கள் நாற்காலி ஆடப்போகிறது. பக்கத்திலேயே நின்று பார்க்கப்போகிறேன், எனக்கு மனம் இளகாது.

வேடியம்மாளை அவர்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். முற்றிய சாமையை ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் அறுத்து இடம் செய்திருந்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

போய் வாருங்கள் வேடியம்மா. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். அவரை நான் தூங்கவிட மாட்டேன்.