ஏழு கால் மாப்பிள்ளை

தையல்காரர் தன் கடையில் ஒரு பெண் டாரண்டுலா சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தார். அதன் குஞ்சுகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எலக்ட்ரீஷியன் நண்பரின் ஆண் சிலந்தியோடு இணை சேர்த்தபின் அது தீனியைத் தொடவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. முட்டைதான் என்று தையல்காரர் பூரித்துப்போனார்.

"சட்டை உரிக்கப் போகுதோ என்னவோ," என்றாள் மனைவி.

அவர் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். முட்டையிடுவதற்கு முன் உரித்துவிட்டால், உள்ளே சேமித்து வைத்த விந்தும் பழைய தோலோடு போய்விடும்.

மறுநாள் காலை அது மல்லாந்து கிடந்தது. சாயங்காலம் பார்த்தால், பழைய தோல் ஒரு பக்கம், பளபளவென்று பெருத்துவிட்ட சிலந்தி ஒரு பக்கம்.

"நீங்க ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறீங்க, இவ கழட்டி எறியறா," என்று மனைவி சிரித்தாள்.

தையல்காரர் நண்பருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "மாப்பிள்ளை உசுரோட இருக்காரா சம்பந்தி?"

"இருக்கான். போன தடவை உங்க பொண்ணு பிடுங்கின கால்தான் முளைக்கல. சட்டை உரிச்சாத்தான் புதுக் கால் வரும்; அவன் கடைசிச் சட்டையை அதுக்கு முன்னாடியே உரிச்சாச்சு, இனிமே முளைக்காது."

"மீதி ஏழு இருக்கே."

"சரி, அவ தோல் கெட்டியாகட்டும், கூட்டிட்டு வரேன். இந்தத் தடவை முதல்ல பொண்ணுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு வைங்க."